நடைக்குத் துணையாகச் சிறிது பளு

பீர்க்கன்கரணையிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் நம் முன் இருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. எடை 58 கிலோ. 'பார்ப்பவர் எவரும் என்னைப் பருமன் என்று சொல்லமாட்டார்கள்' என்கிறார். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுக்கு அஞ்சி, தம் குடியிருப்பின் உட்தெருக்களிலேயே நாள்தோறும் நாற்பது நிமிடங்கள் நடக்கிறார். இரண்டு ஆண்டுகளாக இவ்வழக்கம் தவறவில்லை. ஆயினும் அண்மையில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. இரத்த அழுத்தம் 136க்கு 88. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 190. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 41, இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். அவருடைய மூத்த சகோதரர் ஐம்பத்தைந்தாம் வயதில் மாரடைப்பால் இறந்தவர். ஆகவே அச்சம் இயல்பே. மகள், 'நடை மட்டும் போதாது அம்மா, பளுப் பயிற்சியும் வேண்டும்' என்கிறாள். கணவரோ, 'இருதயத்தைக் காக்க வேண்டிய வயதில் பளு தூக்கி அதைக் கெடுத்துக்கொள்ளாதே' என்று தடுக்கிறார். இருவருள் யார் சொல்வது சரி என்பதே அச்சகோதரியின் கேள்வி.

மகள் சொல்வதே சரி. ஆனால் கணவரின் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு; அதனைப் புறக்கணித்தால் மகளின் யோசனை தீங்காகவும் முடியலாம். இரண்டையும் விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் அவ்வைந்து எண்களைப் பார்ப்போம். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும், 'சற்றுக் கூடுதல், கவனமாயிருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய அளவே. ஆனால் அவை தனித்தனியே வருவன அல்ல. ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதனை அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988ஆம் ஆண்டில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு ஒன்றில் எடுத்துரைத்தார். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்க மறுப்பதே அவ்வேர் என்றார். இன்று இதனை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். தமிழில் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி எனலாம். நம்மவர்க்கு வகுத்துள்ள அளவுகள் இவை: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் அதற்கு மேலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100ம் அதற்கு மேலும், இரத்த அழுத்தம் 130க்கு 85ம் அதற்கு மேலும், டிரைகிளிசரைடு 150ம் அதற்கு மேலும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறைவு. ஐந்தில் மூன்று இருந்தாலே இத்தொகுதி இருப்பதாகக் கொள்வர். நம் வாசகிக்கு ஐந்தும் இருக்கின்றன. நீரிழிவும் மாரடைப்பும் இவ்வழியேதான் வருகின்றன; எனினும் வழியின் தொடக்கத்திலேயே இப்போது நிற்கிறார் என்பது ஆறுதல்.

58 கிலோ எடையுள்ளவருக்கு இது எவ்வாறு நேர்ந்தது? இவ்விடத்தில் இரு மருத்துவர்களின் புகைப்படம் ஒன்றைச் சொல்லவேண்டும். புனே நகரத்து சி. எஸ். யாஜ்னிக், இலண்டன் நகரத்து ஜான் யுட்கின் ஆகிய நண்பர் இருவரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் 2004ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயிற்று. உயரத்திற்கு ஏற்ற எடை என்று கணக்கிடும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. எந்த அட்டவணைப்படியும் இருவரும் பருமனற்றவர்கள். ஆனால் உடலில் கொழுப்பின் பங்கினை அளந்தபோது வெள்ளையரான யுட்கினுக்கு 9.1 விழுக்காடும், இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருக்கக் கண்டனர். எடை சமம், உள்ளடக்கம் வேறு. நம்மவர் பலர் மெலிந்த தோற்றத்துள் கொழுப்பைச் சுமக்கிறோம். கொழுப்பு கூடுதல் என்றால் அதே எடையில் வேறொன்று குறைந்திருக்க வேண்டுமன்றோ? பெரிதும் குறைந்திருப்பது தசை.

தசை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திரண்ட தோளும் மேடைக் காட்சியும். மருத்துவர் கண்ணில் தசை ஒரு களஞ்சியம். நாம் உண்ட சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் கலந்ததும் இன்சுலின் அதனை உள்ளே சேர்க்கப் பார்க்கிறது. அவ்வாறு சேர்க்கப்படுவதில் பெரும்பங்கு எலும்பைப் பற்றிய தசைகளுக்கே போகிறது. களஞ்சியம் சிறிதாயின், அல்லது ஏற்கெனவே நிரம்பிக் கிடப்பின், வந்த தானியம் எங்கே போகும்? கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறும், டிரைகிளிசரைடு உயரும், வயிற்றுக்குள் கொழுப்பு படியும். தசை சுருங்கி விரிந்து உழைக்கும்போதோ, இன்சுலினின் அழைப்புக்குக் காத்திராமல் தானே வாயிலைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. உழைப்பு நின்ற பின்பும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை அவ்வாயில் சற்றுத் திறந்தே இருக்கும். நாற்பது வயதுக்குப் பின் இக்களஞ்சியம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. அறுபதுக்குப் பின் அது விரைவுபடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் கொழுப்பும் இடுப்புப் பக்கம் இடம் மாறுகிறது. நம் வாசகியின் நடை பயனற்றுப் போகவில்லை. நடையால் கால்களும் மூச்சும் பழகின; ஆனால் தோள், மார்பு, முதுகு, தொடை ஆகியவற்றின் பெருந்தசைகள் வளர்வதற்கு வேண்டிய சுமை அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

முன்பு அச்சுமை வீட்டிலேயே கிடைத்தது. கிணற்றில் நீர் இறைத்தல், உரலில் குத்துதல், ஆட்டுக்கல்லில் மாவாட்டுதல், அம்மியில் அரைத்தல், இடுப்பில் குடம் சுமத்தல் யாவும் பளுப் பயிற்சியே. அந்நாள்கள் திரும்ப வேண்டும் என்று இங்கே சொல்லவரவில்லை. உரலோடு உழைத்த பெண்களின் முதுகுவலியை அறிந்தவர் எவரும் அப்படி ஆசைப்படமாட்டார். கிரைண்டர் வந்தது நன்மையே. கிரைண்டர் விடுவித்த கைகளுக்கு வேறு வேலை தரவில்லை என்பதுதான் குறை.

இம்மாற்றத்தின் விளைவு நம் சென்னையிலேயே அளந்து பார்க்கப்பட்டுள்ளது. 1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் தியாகராய நகரில் ஏழை மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்றிலும், திருமங்கலத்தில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றிலும் இருபது வயதுக்கு மேற்பட்டோரை ஆய்ந்தனர். மேற்சொன்ன நோய்த்தொகுதி நடுத்தரக் குடியிருப்பில் 18.7 விழுக்காட்டினருக்கு இருந்தது. உடலுழைப்பு மிகுந்த ஏழைக் குடியிருப்பில் 6.5 விழுக்காட்டினருக்கே இருந்தது. 'பணக்காரர் நோய்' என்று சிலர் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்றபோது கண்ட காட்சி வேறு. நீரிழிவு நடுத்தரக் குடியிருப்பில் 12.4இலிருந்து 15.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஏழைக் குடியிருப்பிலோ 6.5இலிருந்து 15.3 விழுக்காடாகத் தாவியிருந்தது. வருவாயில் எட்டிப் பிடிக்க இயலாதவர்கள் நோயில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதனைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஏனெனில் மருந்துக்கும் மருத்துவருக்கும் செலவழிக்க முடியாதவர்கள் அவர்களே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது.

திருமங்கலத்துக் கதையில் மகிழத்தக்க பகுதியும் உண்டு. ஆய்வின் முடிவை அறிந்த அக்குடியிருப்பினர் அரசை எதிர்பார்த்துக் காத்திராமல், தாமே பணம் திரட்டித் தங்கள் இடத்தில் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் தொடக்கத்தில் 14.2 விழுக்காடு, பின்னர் 58.7 விழுக்காடு. அறிவுரையைவிட அருகிலிருக்கும் பாதை வலிமையுடையது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பீர்க்கன்கரணையும் 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்துவிட்டது. நடைபாதையும் பூங்காவும் கேட்டுப் பெறுவதற்கு மாமன்ற உறுப்பினர் என்றொருவர் இருக்கிறார். குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

திருமங்கலத்தாரும் பெரும்பாலும் நடைதான் நடந்தனர். நடையோடு பளுவையும் சேர்த்தால் என்ன என்பதனை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 262 நீரிழிவு நோயாளரைக் கொண்டு ஒன்பது மாதங்கள் சோதித்தனர்; முடிவு 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் நடை மட்டும், ஒரு பிரிவினர் பளு மட்டும், மற்றொரு பிரிவினர் இரண்டையும் அளவாகக் கலந்து செய்தனர். பயிற்சி நேரம் மூன்று பிரிவினருக்கும் ஏறத்தாழச் சமமே. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில், பயிற்சி செய்யாதவரோடு ஒப்பிடத்தக்க தெளிவான முன்னேற்றம் கண்டவர்கள் கலந்து செய்தவர்கள் மட்டுமே. ஆகவே நடையை விட்டுவிட்டுப் பளுவுக்குத் தாவுவதும் தவறு. நம் நாட்டவர் உடலுக்கு இது பொருந்துமா என்று ஐயுறுவோருக்கு டெல்லியில் மருத்துவர் அனூப் மிஸ்ரா குழுவினர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. முப்பது நீரிழிவு நோயாளர் மேற்பார்வையின் கீழ் மூன்று மாதங்கள் பளுப் பயிற்சி செய்தனர். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மை உயர்ந்தது, சர்க்கரையும் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் குறைந்தன. முப்பது பேர் என்பது சிறு எண்ணிக்கையே. எனினும் திசை ஒன்றே.

இனிக் கணவரின் அச்சத்துக்கு வருவோம். கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் 1985இல், தேர்ந்த உடற்கட்டு வீரர் ஐவரின் தமனிக்குள் நேரே அழுத்தமானியைச் செலுத்தி, அவர்கள் தம் வலிமையின் எல்லைவரை கால்களால் பளுவைத் தள்ளும்போது இரத்த அழுத்தத்தை அளந்தனர். சராசரி 320க்கு 250. ஒருவருக்கு 480க்கு 350! நம் வீட்டு அழுத்தமானியில் அவ்வெண்ணைக் குறிக்க இடமே இல்லை. பளு தூக்கினால் இருதயத்திற்குச் சுமை என்பது கட்டுக்கதையன்று.

ஆனால் அவ்வெண் எதனால் அவ்வளவு ஏறிற்று? தாங்கும் எல்லைவரை சுமை ஏற்றியது ஒன்று. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கியது மற்றொன்று. தாம்பரத்தைச் சுற்றி வாழ்வோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் வாசலில் வந்து நிற்கிறது. வீட்டுத் தலைவர் குனிந்து, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க ஒரே வீச்சில் அதனைத் தூக்கி மேடைமேல் வைக்கிறார். இருபது கிலோ பளு, பயிற்சியில்லாத முதுகு, அடக்கிய மூச்சு. பளுப் பயிற்சி ஆபத்தானது என்று மனைவியைத் தடுக்கும் கணவர் வாரந்தோறும் இதனைச் செய்துவருகிறார் என்று துணிந்து சொல்லலாம். பழகிய தசைக்கு அதே கேன் இலேசாகும். அதனைத் தூக்கும்போது இரத்த அழுத்தமும் அவ்வளவு ஏறாது. அன்றாடச் சுமைகளில் இருதயம் திடுக்கிடாமல் இருப்பதற்கும் தசைவலுவே உதவி.

இக்காரணங்களை எடைபோட்டே, ஒரு காலத்தில் தயங்கிய அமெரிக்க இருதயச் சங்கம் 2000ஆம் ஆண்டில், இருதய நோய் உள்ளோரும் தக்க கண்காணிப்புடன் மிதமான பளுப் பயிற்சி செய்யலாம் என அறிக்கை வெளியிட்டது. 2007இலும் 2023இலும் அதனைப் புதுப்பித்தது. பளுப் பயிற்சி செய்வோருக்கு இருதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாகக் காணப்படுவதாக 2023 அறிக்கை கூறுகிறது. பயிற்சி செய்பவர்கள் பிறவற்றிலும் கவனமுடையவர்களாக இருப்பார்கள் என்பதால் அக்குறைவு முழுவதையும் பளுவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 4 புள்ளி அளவு இறங்குகிறது. இது மாத்திரைக்கு மாற்றாகாது, மாத்திரைக்குத் துணையாகும். நமக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று: மிகுந்த பயன் வாரத்திற்கு 30 முதல் 60 நிமிடப் பயிற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் இரண்டு நாள் நேரம்!

பளுப் பயிற்சி நமக்கு அந்நியமான ஒன்றன்று. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் இருந்தவை. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லை இன்றும் காணலாம். 1920இலேயே ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஐரோப்பிய பலசாலி சாண்டோவின் பெயரை நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் தம் பெயருக்கு முன் பட்டமாகவே தாங்கினார். ஆயினும் இவை யாவும் இளைஞருக்கு உரியவை, அதிலும் ஆண்களுக்கே உரியவை என்று ஒதுக்கிவிட்டோம். உண்மையில் அதிகத் தேவை ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கே. தோள் திரண்டு ஆண்சாயல் வந்துவிடுமோ என்று எந்தச் சகோதரியும் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய சுரப்பு பெண்ணுடலில் மிகக் குறைவு.

செய்முறையைச் சொல்வோம். கட்டணம் செலுத்தி ஜிம்மில் சேர வசதியும் விருப்பமும் உள்ளோர் சேரலாம். பயிற்சியாளரிடம் தம் எண்களை மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கே விற்கப்படும் புரதப் பொடிகளைப் பற்றி நம் கருத்து கேட்டால், முட்டையும் பருப்பும் சுண்டலும் மீனும் கிடைக்கும் வீட்டில் அவை வேண்டுவதில்லை என்போம். வீட்டிலேயே தொடங்க நினைப்போருக்கு ஒரு நாற்காலி, ஒரு சுவர், இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள் போதும்.

கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு அமருங்கள். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டவாறே எழுந்து நில்லுங்கள். மூச்சை உள்ளிழுத்தவாறே மெதுவாக அமருங்கள். தொப்பென்று விழக்கூடாது; அமர்வதற்கு மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இறங்கும்போதும் தசை உழைக்கிறது. பத்து முறை செய்து இரண்டு நிமிடம் ஓய்ந்து மீண்டும் பத்து. உடலின் மிகப்பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால் களஞ்சியத்தை விரிவாக்க இந்த ஒன்றே பாதி வேலை செய்துவிடும். முழங்கால் வலி உள்ளோர் நாற்காலியின் மேல் தலையணை இட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

அடுத்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் மட்டத்தில் பதித்து, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கி, பின் தள்ளி வருதல். இது தண்டாலின் தங்கை. பழகியபின் சுவருக்குப் பதில் சமையல் மேடை. பாட்டில்களைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி உயர்த்துவதும், சற்றுக் குனிந்து விலாப்பக்கம் இழுப்பதும், நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் எஞ்சியவை. ஒவ்வொன்றும் பத்து முதல் பதினைந்து முறை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். இடையே ஒரு நாளாவது ஓய்வு. தசை வலுப்பெறுவது ஓய்வின்போதே. கடைசி இரண்டு மூன்று முறைகள் கடினமாக, ஆனால் பேசக்கூடிய நிலையில் இருந்தால் சுமை சரியான அளவு. பதினைந்தும் எளிதாகிவிட்டால் சிறிது கூட்டுங்கள். பாட்டிலின் இடத்தில் இரண்டு கிலோ டம்பெல் வரட்டும். எந்நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்பவரால் மூச்சை அடக்கவே முடியாது. ஆகவே உரக்க எண்ணுங்கள், வீட்டார் சிரித்தாலும் பரவாயில்லை.

தொடங்குமுன் மருத்துவரைக் கேட்கவேண்டியவர்கள் உண்டு. நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ, மயக்கமோ வருபவர்கள் முதலில் இருதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் 180க்கு 110 என்ற அளவில் நிற்பவர்கள் அது அடங்கும்வரை பளுவைத் தொடக்கூடாது. நீரிழிவால் விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளோர் கண் மருத்துவரின் அனுமதியின்றிச் செய்யலாகாது. பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு கூடிவிட்டது என மருத்துவர் சொல்லும்வரை கைகளால் தள்ளுவதும் தூக்குவதும் வேண்டா. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரை கலந்த நீர் அருந்தி, அடுத்த முறை மருத்துவரிடம் அளவைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

எடை பார்க்கும் இயந்திரத்தை மூன்று மாதங்களுக்கு மறந்துவிடலாம். தசை கூடிக் கொழுப்பு குறையும்போது முள் அசையாமலே நிற்கக்கூடும்; அதனைக் கண்டு மனம் சோர்ந்து விட்டுவிடுவோர் பலர். தையற்காரர் நாடாவை எடுத்து, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில், வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளந்து, நாட்காட்டியில் தேதியோடு குறித்துவையுங்கள். நாற்காலியிலிருந்து கைதொடாமல் முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதனையும் அதன் அருகே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் நாளில் அவ்விரு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கணவர்மாரும் அதே நாடாவால் ஒரு முறை அளந்துகொள்ளட்டும். அவர்களுக்கு வரம்பு 90.